மூச்சிரைப்புக்கு மாத்திரை தந்த சுப்பாராவ்

தில்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய், அப்பளம், காப்பிப் பொடி என்று ஊர்ச் சாமான் எது வேண்டுமானாலும் அங்கே போனால் கிடைத்துவிடும். நல்ல மீன் வேண்டுமென்பவர்களும் அங்கேதான் வருவார்கள். தை மாதக் குளிரில், மூடுபனியும் புகையும் கலந்து நிற்கும் காலை வேளையில், மிளகாய் வற்றல் மூட்டை அவிழ்த்த கடையைத் தாண்டிப் போகும்போது இருமாதவர்கள் குறைவு.

பையும் கையுமாக அங்கே இரண்டு தமிழ்க் குடும்பத்தார் சந்தித்துக்கொண்டால், காய்கறி விலைக்கு அடுத்தபடியாகப் பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பும். வீட்டில் யாருக்காவது இரவில் வறட்டு இருமல், நெஞ்சில் விசில் சத்தம், படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது ஈஸ்னோபீலியாவாக இருக்கும், ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று மற்றவர் யோசனை சொல்வார். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பமே இல்லை எனலாம். அதற்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையும் எல்லோருக்கும் பரிச்சயம். ஹெட்ரஸான் என்றும் பனோசைட் என்றும் அது கடைகளில் விற்றது. இரவெல்லாம் மூச்சிரைத்துத் தவித்தவர்கள் சில நாட்களில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். யானைக்கால் நோய்க்காகத் தாம் உருவாக்கிய மருந்து, ஆஸ்துமா என்றும் க்ஷயம் என்றும் தவறாக எண்ணப்பட்ட ஒரு நுரையீரல் நோயை வேரறுக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிய வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பீமவரத்துச் சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் அவ்வூர் அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். உடல்நலம் கெட்டதால் வேலையை விட நேர்ந்தது. குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. தாயார் வெங்கம்மாதான் வீட்டைத் தாங்கினார்.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் ஆரம்பத்தில் நாட்டமில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்த்துவிடலாம் என்பது எண்ணம். தாயார் விடவில்லை. திரும்ப அழைத்து வரச் செய்து பள்ளியில் சேர்த்தார். மகன் படித்தே தீர வேண்டும் என்பதற்காகத் தம் நகைகளையும் விற்றார். ஆனாலும் மெட்ரிகுலேஷனில் சுப்பாராவ் இரண்டு முறை தவறினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறைதான் தேறினார். இதற்கிடையில் தந்தையும் காலமானார்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது அவர் மனம் துறவின் பக்கம் சாய்ந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் அனுமதியின்றிச் சேர்த்துக்கொள்ள இயலாது என்று மடத்தில் இருந்த பெரியவர்கள் சொல்லி, மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யும்படி வழி காட்டினார்கள். அந்த யோசனைதான் அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது. படிப்புச் செலவுக்கு உதவ முன்வந்த குடும்பத்திலேயே 1919-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் சேஷகிரி.

கதர் அங்கியும் கைநழுவிய பட்டமும்

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கக் காலம். அந்நியத் துணியை விலக்கிய இளைஞர்களில் சுப்பாராவும் ஒருவர். அறுவைச் சிகிச்சை வகுப்புக்கு அணியும் அங்கியைக்கூடக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகவே செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு சென்னை மருத்துவ சர்வீசில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை.

அதே ஆண்டுகளில் வீட்டிலும் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். குடல் சத்தை ஏற்காமல் உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்து போகும் ஸ்புரூ என்ற கிராணி நோய் அவர்களைக் கொண்டுபோயிற்று. ஆங்கில வைத்தியத்தில் அதற்கு அப்போது மருந்தில்லை. சுப்பாராவையும் அந்நோய் பிடித்தது. சென்னையில் பிரபல ஆயுர்வேத வைத்தியராயிருந்த டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தெழுந்தார். பின்னர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு ஆசிரியரானார்.

சகோதரர்களின் சாவு அவர் மனதை விட்டு அகலவில்லை. மருந்தில்லாத நோய்களுக்கு மருந்து தேட வேண்டும், அதற்கு வெளிநாடு சென்று படிக்க வேண்டும் என்று துணிந்தார். காக்கிநாடாப் பக்கத்து அறக்கட்டளை ஒன்றின் உபகாரச் சம்பளமும் மாமனார் திரட்டிக் கொடுத்த பணமும் கைகொடுத்தன. சில ஆண்டுகளில் திரும்பி விடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. அந்த அம்மையாரை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை.

பாஸ்டனில் இரவு வேலை

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு வழி கிடைக்கவில்லை. சென்னைச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தியாகச் சேர்ந்து நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் படிப்பு, இரவில் இந்த வேலை. வெப்பநாட்டு மருத்துவத்தில் டிப்ளமா பெற்றபின், உயிர் ரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவரானார்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஓர் எளிய முறையை இருவரும் 1925-ம் ஆண்டு வெளியிட்டார்கள். கலவை நீலமாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர் ரசாயனம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள். சென்னையில் பட்டம் மறுக்கப்பட்ட இளைஞரின் பெயர் பாடப் புத்தகத்தில் ஏறியது.

மூச்சு எதற்காக?

அளவுகோல் கையில் வந்தபின் அவர்கள் தசைகளை ஆராய்ந்தார்கள். கை கால் அசைவதற்கும், நெஞ்சு விரிந்து சுருங்குவதற்கும் வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது அக்காலத்துக் கொள்கை. அதை வகுத்த ஹில், மெயர்ஹாஃப் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. ஆனால் 1927-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது அது கரைகிறது. ஓய்வில் மீண்டும் சேர்கிறது. 1929-ல் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். லாக்டிக் அமிலக் கொள்கை சாய்ந்தது.

ஏ.டி.பி. என்பது உடம்பில் செல்லுபடியாகும் ரொக்கப் பணம் போன்றது. அரிசியும் கோதுமையும் நெய்யும் வங்கியில் போட்ட பணம். உயிரணு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கும் செலவழிப்பது இந்த ரொக்கத்தைத்தான். நாம் இழுக்கும் மூச்சில் வரும் பிராணவாயு பெரும்பாலும் இந்த ஏ.டி.பி.யைத் தயாரிக்கவே பயன்படுகிறது. மூச்சுத் திணறும்போது ஆளே துவண்டு போவதற்கு ஒரு காரணம் இதுதான். சுப்பாராவ் நுரையீரல் டாக்டர் அல்லர். ஆயினும் மூச்சு விடுவதன் பயன் என்ன என்பதை உயிரணுவுக்குள்ளே போய்க் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

1930-ம் ஆண்டு அவருக்கு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிரந்தர உத்தியோகம் மட்டும் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் சாதாரணப் பதவியிலேயே கழிந்தன. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாதென்று சட்டம் இருந்த காலம் அது. 1946-ல்தான் அந்தத் தடை நீங்கியது. தடை நீங்கிய பிறகும் அவர் குடியுரிமை பெறாமல் இந்தியராகவே இருந்தார்.

லெடர்லி ஆராய்ச்சிக்கூடம்

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவர் இருந்தது எட்டே ஆண்டுகள். அதற்குள் அவர் தலைமையில் நடந்த வேலைகள் பிரமிக்கத் தக்கவை.

ஈரலில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை அவருடைய குழுவினர் 1945-ல் ரசாயனக் கூடத்திலேயே செய்து காட்டினார்கள். அது முதலில் பரீட்சிக்கப்பட்ட நோய்களில் ஒன்று, கியூபா, போர்ட்டோ ரிக்கோ தீவுகளில் பரவியிருந்த ஸ்புரூ. நோயாளிகள் தேறினார்கள். தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து, சுப்பாராவின் கூடத்திலிருந்தே மருந்து போயிற்று.

ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவர்கள் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றைப் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் உலகெங்கும் பயன்படுகிறது. மண்ணிலிருந்து கிருமிக்கொல்லி மருந்து தேடும் வேலைக்குப் பெஞ்சமின் டுக்கர் என்ற எழுபது வயது கடந்த தாவர இயல் பேராசிரியரை லெடர்லி அமர்த்தியது. அவர் கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது. பெனிசிலினுக்கு மசியாத சில வகை நிமோனியாவும் அதற்குக் கட்டுப்பட்டது.

புழுவைத் தேடி

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் புழுவின் தொற்றுக்கு இலக்கானார்கள். கொசு பரப்பும் இந்த நோய் கும்பகோணத்தாருக்கும் தஞ்சாவூராருக்கும் புதிதல்ல. அமெரிக்கருக்கு அது பெரும் பீதியைத் தந்தது. ஆன்டிமனி, ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள்களை ஊசி மூலம் ஏற்றுவதுதான் அப்போதிருந்த சிகிச்சை. அது நோயாளியையும் வாட்டியது.

சுப்பாராவின் குழுவினர், புழு தொற்றிய பருத்தி எலிகளை வைத்து ரசாயனப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார்கள். பைப்பரஸீன் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் நல்ல பலன் தந்தது. எலிகளின் ரத்தத்திலிருந்த புழுக் குஞ்சுகள் மறைந்தன. நாய்களிலும் அப்படியே. டைஎதில்கார்பமஸீன் என்ற அப்பொருளைப் பற்றி 1947-ல் அறிக்கை வெளியாயிற்று. போர்ட்டோ ரிக்கோவில் யானைக்கால் தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்தபோதும் பலித்தது. ஊசி வேண்டியதில்லை, வாயால் விழுங்கலாம், விலையும் மலிவு. அதுவே ஹெட்ரஸான்.

க்ஷயம் போல ஒரு நோய்

லெடர்லியில் இந்த வேலை நடந்த அதே ஆண்டுகளில், சுப்பாராவ் பிறந்த சென்னை ராஜதானியில் ஒரு புதிர் டாக்டர்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரிக்கு இருமலும் இளைப்புமாக வந்தவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பார்த்தால் க்ஷயம் போலவே இருக்கும். சளியில் க்ஷயக் கிருமி இராது. ரத்தத்தில் மட்டும் ஈஸ்னோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணு மிதமிஞ்சி இருக்கும். அங்கிருந்த டாக்டர்கள் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-ல் இதை எழுதினார்கள். 1943-ல் பம்பாயில் டாக்டர் வைங்கார்ட்டன் இதற்கு வெப்பநாட்டு ஈஸ்னோபீலியா என்று பெயரிட்டார். ஆர்சனிக் ஊசியால் இது குணமாவதையும் அவர் கண்டார். காரணம் தெரியவில்லை.

நோயின் கொடுமை இரவில்தான் தெரியும். நள்ளிரவுக்கு மேல் விடாத வறட்டு இருமல், இழுப்பு, காய்ச்சல், எடைக் குறைவு. ஆஸ்துமா என்று எண்ணி ஆஸ்துமா மருந்து கொடுத்தால் கேட்காது. க்ஷயம் என்று எண்ணி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் உண்டு. அந்நாளில் க்ஷயம் என்ற பெயர் வந்தாலே வேலை போகும், பெண்ணின் கல்யாணம் நிற்கும்.

டாக்டர் ஆர். விஸ்வநாதன் இந்நோயை ஆராய்ந்து, அதனால் இறந்தவரின் நுரையீரலில் கண்ட மாறுதல்களை 1947-ல் எழுதினார். பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் 1953-ல் திறக்கப்பட்ட வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவரே. நுரையீரல் நிறைய ஈஸ்னோஃபில் அணுக்கள் குவிந்திருப்பது தெரிந்தது. அவற்றை அங்கே அழைத்தது யார் என்பது தெரியவில்லை.

பேர்ல் ரிவரில் மருந்து இருந்தது. மதனப்பள்ளியிலும் பம்பாயிலும் நோய் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் அப்போது தோன்றவில்லை.

உறக்கத்தில் முடிவு

சுப்பாராவ் ஓய்வறியாதவர். ஐம்பது வயதை நெருங்கும்போது விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் பெற்றார் என்பதைத் தவிர, அவருக்குப் பொழுதுபோக்கு அதிகமில்லை. விளம்பரத்தையும் நாடவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் கூட்டங்களில் சகாக்களை முன்னே விட்டுத் தாம் பின்னால் நின்றார். 1948 ஜூலையில் நியூயார்க்கில் ஆரியோமைசின் பற்றிய அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம், ஆகஸ்டில், பேர்ல் ரிவரில் இரவில் உறங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. பாரதம் சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன.

மருந்தும் நோயும் சந்தித்தன

1955-ல் பம்பாயில் டாக்டர்கள் ஈஸ்னோபீலியா நோயாளிகளுக்கு ஹெட்ரஸானைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்சனிக்கைப் போலவே குணம் தெரிந்தது, ஆர்சனிக்கின் கேடு இல்லை. 1958-ல் மலாயாவின் டாக்டர் டி. ஜே. தனராஜ் அதை உறுதி செய்தார். புழு மருந்துக்கு நுரையீரல் நோய் கேட்கிறதென்றால் உள்ளே புழு இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் இந்நோயாளிகளின் ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் புழுக் குஞ்சு அகப்படவில்லை.

விடை வேலூரிலிருந்து வந்தது. 1960-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் என்ற மூவர், இந்நோயாளிகளின் நுரையீரலிலிருந்தும் ஈரலிலிருந்தும் நெறிக்கட்டிகளிலிருந்தும் எடுத்த துணுக்குகளில் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் காட்டினார்கள். புழு ரத்தத்தில் இல்லை. உடம்பு அதை உள்ளுறுப்புகளில் வளைத்துப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் போர் நடந்த களம்தான் நுரையீரல்.

உயிரணுக்களின் போர்

அந்தப் போரின் விவரம் அதற்குப் பிறகு படிப்படியாகத் தெரிய வந்தது. ஈஸ்னோஃபில் அணுவை 1879-ல் இனங்கண்டு பெயரிட்டவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை அது விரும்பி ஏற்பதால் அப்பெயர். அதன் வயிற்றில் சிறு மணிகள் உண்டு. புழுவின் தோலை அரிக்கக்கூடிய நச்சுப் புரதங்கள் அம்மணிகளில் இருக்கின்றன. உடம்புக்கு அது காவல்காரன். காவல்காரர்கள் கூட்டமாக ஒரே இடத்தில் ஆயுதத்தைக் கொட்டினால் வீட்டுச் சுவரும் இடிகிறது.

1966, 1967-ம் ஆண்டுகளில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தை, அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய தம்பதி இஷிஸாகாவும், ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் இருவரும் கண்டார்கள். இது மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். எதிரி வந்து தொட்டதும் அந்த அணு வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை உமிழும். மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், உட்சுவர் வீங்கும், சளி சுரக்கும். இரைப்பு வரும். 1979-ல் ஸ்டாக்ஹோமில் சாமுவெல்ஸன் குழுவினர் லியூக்கோட்ரையீன் என்ற பொருள்களை இனங்கண்டார்கள். குழலை ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு கடுமையாகவும் நெடுநேரமும் சுருக்குபவை அவை.

ஆஸ்துமாவிலும் இதே ஐ.ஜி.இ., இதே மாஸ்ட் செல், பலருக்கு இதே ஈஸ்னோஃபில். அதனால்தான் இரண்டு நோயும் ஒன்றுபோல் தோன்றின. வேற்றுமை எதிரியில் இருக்கிறது. ஆஸ்துமாவில் மகரந்தம், வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி போன்ற தீங்கற்ற பொருளைக் கண்டு உடம்பு போருக்கு எழுகிறது. வெப்பநாட்டு ஈஸ்னோபீலியாவில் எதிரி உண்மையானவன். போர்தான் அளவு மீறியது. சாதாரணமாக ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500-க்கு மேல் போகாத ஈஸ்னோஃபில் எண்ணிக்கை, இந்நோயில் 3,000-ஐத் தாண்டும்.

1987-ல் சென்னை க்ஷயரோக ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வி. கே. விஜயனும் அமெரிக்க விஞ்ஞானிகளும், இந்நோயாளிகளின் நுரையீரலைச் சிறிது உப்பு நீரால் கழுவி எடுத்துச் சோதித்தார்கள். அதிலிருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஈஸ்னோஃபில். டைஎதில்கார்பமஸீன் கொடுத்தபின் அவை வெகுவாக இறங்கின. அந்த டாக்டர் விஜயன் பின்னர் தில்லி வந்து, விஸ்வநாதன் தொடங்கிய படேல் நிறுவனத்துக்கே இயக்குநரானார்.

சுப்பாராவின் மருந்து புழுவுக்கு எதிராக உடம்பின் கையை ஓங்கச் செய்வதோடு, லியூக்கோட்ரையீன் உற்பத்தியையும் தடுக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. சுப்பாராவ் இறக்கும்போது அப்படியொரு பொருள் இருப்பதே உலகுக்குத் தெரியாது.

இன்றைய நிலை

2004 முதல் நாடு தழுவிய அளவில், யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்களில் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் டைஎதில்கார்பமஸீன் முக்கியமானது. அதனால் பல மாவட்டங்களில் நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வெப்பநாட்டு ஈஸ்னோபீலியாவும் இன்று முன்போல் காணப்படுவதில்லை. ஆனால் வந்தவர்களுக்குத் தக்க காலத்தில் மூன்று வாரச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிடக்கூடும். பிறகு எந்த மாத்திரையும் அதைப் பழையபடி ஆக்காது.

தில்லியில் இருப்போர் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. ரத்தச் சோதனையில் ஈஸ்னோஃபில் சற்று கூடியிருந்தால் அது உடனே இந்நோய் ஆகிவிடாது. ஒவ்வாமையிலும், ஆஸ்துமாவிலும், குடல் புழுவினாலும் அது கூடும். குளிர்காலப் புகையில் வரும் இரைப்பு பெரும்பாலும் ஆஸ்துமாவாகவோ, நாட்பட்ட மூச்சுக்குழல் நோயாகவோ இருக்கும். அதற்கு உறிஞ்சும் மருந்துகள் வேறு இருக்கின்றன. பழைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது சரியல்ல. விவரமறிந்த டாக்டர், இருமலோடு வரும் தமிழரிடம் சொந்த ஊர் எது என்று விசாரிப்பார். கும்பகோணம் பக்கம் என்றால் அவருக்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. கொசுவோடு பல மாதம், பல ஆண்டு வாழ்ந்த ஊர்தான் இந்நோய்க்கு மூலம்.

ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் தடத்து வண்டி ஏறினால், மாறாமலே விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கலாம். அருகே படேல் நிறுவனத்தின் ஆஸ்பத்திரி டாக்டர் விஸ்வநாதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுப்பாராவை அரசாங்கம் 1995-ல், அவருடைய நூற்றாண்டின்போது, தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தது. லெடர்லியில் இருந்தவர்கள் ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டமும் பதவியும் பல முறை அவரைத் தாண்டிப் போயின. மருந்தில்லாத நோய்க்கு மருந்து தேடுவதாகச் சகோதரர்களின் சாவுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவு மட்டும் வீண்போகவில்லை. மூச்சிரைத்து விழித்திருந்து, அந்த மாத்திரையால் உறங்கி எழுந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சுப்பாராவ் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.